சாத்திய கதவும் ஒரு பிடி அரிசியும்

சகோதரிகளே, இன்று காலை சாம்பாருக்கு உப்புப் போட்டீர்களே, அது எந்த ஊர் உப்பு என்று என்றைக்காவது யோசித்தது உண்டா? துவரம் பருப்பு எங்கே விளைந்தது, புளி எந்தப் பக்கத்துப் புளி என்றெல்லாம் கடைக்காரரைக் குடைந்து எடுக்கிறோம். உப்பை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. அது தூத்துக்குடி உப்பாக இருக்கலாம். மரக்காணத்து உப்பாகவும் இருக்கலாம்.

திண்டிவனத்தில் பஸ் ஏறி மரக்காணம் போகிற சாலையில் சென்றால், வழியில் பெருமுக்கல் என்று ஓர் ஊர் வரும். பேருக்கு ஏற்றாற்போல் பெரிய பாறை மலை. உச்சியில் பழைய சிவன் கோயில், சோழர் காலத்துக் கல்வெட்டுகள். எழுத்து என்பதே பிறக்காத காலத்து மனிதர்கள் பாறையில் கீறி வைத்த உருவங்களும் உண்டு. அங்கிருந்து கிழக்கே போகப் போகக் காற்றில் உப்பு வாடை ஏறும். கழுவெளி ஏரி, அதை அடுத்து உப்பளம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். பார்க்க வந்தவர்களுக்கு அது அழகு. அதிலேயே நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கண் கூசும், பாதம் வெடிக்கும்.

உப்பளத்து வேலைக்கு வெயில்தான் எஜமானர். தை மாசி வாக்கில் பாத்தியைத் திருத்தி வேலை தொடங்கினால், சித்திரை வைகாசிக் கத்திரியில் உப்பு நன்றாக விளையும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் குளம். உப்புக்கு மழை ஆகாது. ஆகவே மழைக்கு வேலை ஆகாது. நமக்குத் தீபாவளி பட்சணமும் கார்த்திகைப் பொரியும் மணக்கிற அந்த மூன்று மாதமும் உப்பளத்து வீடுகளில் கூலி இல்லாத மாதங்கள்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசி இலவசம். மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டமும் 2022-இல் தொடங்கியது. ஆனால் குடித்தனம் நடத்துகிற உங்களுக்குத் தெரியாததா? அரிசி இருந்தால் மட்டும் சமையல் ஆகிவிடுமா? பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், குழந்தைக்குப் பால், சோப்பு, அடுப்புக்குக் காஸ் எல்லாம் காசு கேட்கிற சாமான்கள். போதாக்குறைக்குப் புயல் வேறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அப்படிப்பட்ட மழையில் ரேஷன் அரிசி இருந்தாலும் அதைப் பொங்க உலர்ந்த இடம் இருக்காது.

இந்த இடைவெளியைத்தான் அக்கம்பக்கத்து ஜனங்கள் நிரப்ப வேண்டியிருக்கிறது. எப்படி நிரப்புவது என்பதே இந்தக் கட்டுரை.

கதவைச் சாத்திக்கொண்ட குடும்பம்

முதலில் ஒரு பழைய கதை. கதை இந்தக் கரையைச் சேர்ந்ததே. சங்க காலத்தில் ஓய்மாநாடு என்று ஒரு நாடு. அதன் தலைவன் நல்லியக்கோடன். அவனைப் பற்றி இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதில் வருகிற எயிற்பட்டினம் இந்த மரக்காணம் பக்கம்தான் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பாட்டில் ஒரு ஏழைப் பாணன் வீடு வருகிறது. அடுக்களை இடிந்து கிடக்கிறது. வீட்டுப் பெண் குப்பை மேட்டில் முளைத்த வேளைக் கீரையைப் பறித்து வந்து வேக வைக்கிறாள். போட உப்பு இல்லை. உப்பில்லாமல் வெந்த அந்தக் கீரையைச் சுற்றத்தாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகும்போது, அவள் முதலில் ஒரு காரியம் செய்கிறாள். வம்பு பேசுகிறவர்கள் பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கப்பட்டு, வாசற்கதவைச் சாத்துகிறாள்.

ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் ஆகிவிட்டது. கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பசித்தவர்கள் எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வருவதில்லை; பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சோறு போடுவது சுலபம். அந்தக் கதவைத் தட்டாமல் தட்டுவதுதான் கஷ்டம்.

பஞ்சம் கற்பித்த பாடம்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி உங்கள் கொள்ளுப்பாட்டி காலத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். மரக்காணத்தில் வந்து முடிகிறதே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் சென்னை நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் சேர்க்கிற பகுதி அந்தப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பசியால் துவண்ட ஜனங்கள் மண் சுமந்தார்கள். ஒரு கட்டத்தில் ஆண்பிள்ளைக்கு நாள் கூலி என்ன தெரியுமா? ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. ரிச்சர்டு டெம்பிள் துரை சிக்கனக் கணக்குப் போட்டு நிர்ணயித்த கூலி அது. கணக்கு சரியாக இருந்தது, ஜனங்கள்தான் செத்துப்போனார்கள். கூலியைக் கூட்ட வேண்டி வந்தது.

அந்த நாளில் பல பாதிரிமார்கள் கஞ்சித் தொட்டி வைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். அதோடு ஒரு பழிச்சொல்லும் பிறந்தது: ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’. சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று ஊர் ஏசிற்று. பசித்தவன் எந்தத் தெய்வத்தைக் கும்பிட்டால் என்ன? ஆனால் அந்தச் சொல் சுமந்த அவமானம் இரண்டு மூன்று தலைமுறை நீடித்தது. சர்ச்சில் சோறு போட நினைக்கிறவர்கள் முதலில் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய பாடம் இதுவே: தட்டை நீட்டும்போது ஜபத்தைக் கேட்கக் கூடாது.

ஒரு பிடியின் மகிமை

நம் நாட்டில் இதற்கு நல்ல வழி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போன்ற பெண்களே. பிடியரிசி என்று பேர். உலை வைக்க அரிசி அளக்கும்போது, அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது. நெல்லைச் சீமையின் கிறிஸ்தவ சபைகளில் இது பழைய வழக்கம். வாரம் ஒரு முறை அந்த அரிசி சர்ச்சுக்குப் போகும்.

வடகிழக்கே மிஸோரம் மலைநாட்டில் இது பிரமாதமாக வளர்ந்திருக்கிறது. அங்கே பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் இதைத் தொடங்கினார்கள். ‘பூஃபாய் தாம்’ என்று பேர். ஒரு பிடி அரிசி என்று அர்த்தம். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி. அப்படிச் சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்களே வீடு வீடாக வந்து வாங்கிக்கொண்டு போய் விற்றுப் பணமாக்குகிறார்கள். கிராமங்களில் ஊழியம் செய்யும் பெண்களைத் தாங்குவதற்காக ஆரம்பித்த காரியம், நூறு வருஷத்துக்குப் பின்னும் நின்றுபோகவில்லை. இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். பரம ஏழையும் ஒரு பிடி கொடுக்க முடியும். கொடுத்தவள் நாளைக்கு வாங்க நேர்ந்தால், அது பிச்சை ஆகாது. தான் போட்டதிலிருந்து தானே எடுத்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான சங்கதி அல்ல இது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசியும் ஒரு காசும் எடுத்து வைத்து, கோயிலில் நிவேதனம் செய்து ஏழைகளுக்குப் போடும்படி சொன்னார். வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று தரும சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பள்ளிவாசல்களில் ரம்ஜான் நோன்புக் கஞ்சி எல்லா மதத்துக் குழந்தைகளின் தூக்குச் சட்டிக்கும் இறங்குகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் கடலோரத்து மீனவ ஜனங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டதை அந்தக் கரை மறக்கவில்லை.

பத்துக் குழந்தைகளின் தாய் சொன்ன யோசனை

இப்போது கொஞ்சம் சீமைக்குப் போய் வருவோம். அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரம். 1960-களில் ஜான் வான் ஹெங்கல் என்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வின்சென்ட் தே பவுல் சபையின் அன்னதான விடுதியில் உதவி செய்துகொண்டிருந்தார். அங்கே ஒரு பெண்ணைச் சந்தித்தார். புருஷன் சிறையில். பத்துக் குழந்தைகள். பெரிய மளிகைக் கடைகளின் பின்புறம் கொட்டிக் கிடக்கிற, கெட்டுப்போகாத சாமான்களைப் பொறுக்கிப் பிள்ளைகளை வளர்த்துவந்தாள். வேண்டாத உணவைப் போட்டு வைக்கவும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளவும் பாங்கி மாதிரி ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே என்றாள் அந்த அம்மாள்.

வான் ஹெங்கல் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். செயின்ட் மேரீஸ் சர்ச் பழைய ரொட்டிக் கிடங்கு ஒன்றையும் 3,000 டாலரையும் கொடுத்தது. 1967-இல் ‘செயின்ட் மேரீஸ் உணவு பாங்கி’ திறந்தது. உலகத்தில் முதலாவது அதுதான் என்கிறார்கள். முதல் வருஷமே இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் உணவு கைமாறிற்று. இன்று உலகெங்கும் உள்ள உணவு பாங்கிகளுக்கெல்லாம் தாய்வீடு அது. படித்த பிரமுகர் எவரும் கூடி யோசித்த திட்டம் அல்ல அது. குப்பைத் தொட்டியண்டை நின்ற ஒரு தாயின் யோசனை.

பாங்கி என்ற சொல்லில்தான் சூட்சுமம். பாங்கிக்குப் போகிறவர் தலை குனிந்து போவதில்லை அல்லவா?

நம் சர்ச்சில் ஓர் உக்கிராணம்

‘ஃபுட் பேன்ட்ரி’ என்று அங்கே சொல்வதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: உக்கிராணம். கல்யாண வீட்டில் உக்கிராண அறைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ, அவர்தானே ராணி! சர்ச்சில் ஓர் உக்கிராணம் வைக்கப் பெரிய மூலதனம் வேண்டாம். வீட்டு நிர்வாகம் தெரிந்த பத்துப் பெண்கள் போதும். கோயில், பள்ளிவாசல், மாதர் சங்கம் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

*இடம்.* ஈரம் ஏறாத ஓர் அறை. கடலோரத்தில் உப்புக் காற்று தகர டப்பாவைத் துருப்பிடிக்க வைக்கும். வெல்லத்தை இளகச் செய்யும். ஆகையால் மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மும் பீங்கான் ஜாடியும் மேல். மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரையும் ஒட்டாமல், ஒரு சாண் உயரப் பலகை மேல் வையுங்கள். எலிக்கு ஓட்டை விடாதீர்கள்.

*சரக்கு.* ரேஷனில் கிடைக்கிற அரிசியையே மலைபோல் குவிக்க வேண்டாம். பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய்த் தூள், வெல்லம், பொட்டுக்கடலை, ரவை, சோப்பு, பெண்களுக்கான நாப்கின் இவைதான் மழைக்காலத்தில் தட்டுப்படுகிறவை. எண்ணெய் உடைக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். மூடி உப்பின டின் வேண்டவே வேண்டாம். குழந்தைப் பால் மாவும் வைக்காதீர்கள். தாய்ப்பாலைக் கெடுக்கும் என்பதால் அதை இலவசமாகக் கொடுத்துப் பரப்புவதை 1992-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. பால் கொடுக்கிற தாய்க்கு முட்டையும் கீரையும் பயறும் கொடுங்கள். அது குழந்தைக்குப் போய்ச் சேரும்.

*பிடியரிசி.* இதில் ஒரு சிக்கல் உண்டு. நூறு வீட்டு அரிசி ஒரே பானையில் கலந்தால் பச்சரிசி குழையும், புழுங்கலரிசி விறைக்கும். ஆகவே இரண்டு டிரம் வைத்துத் தனித்தனியாக வாங்குங்கள். கலந்தே வந்துவிட்டால் கழுவிக் காயவைத்து, வறுத்து, பயறு சேர்த்து அரைத்துக் கஞ்சி மாவாக்கிவிடுங்கள். கிழவர்களும் குழந்தைகளும் வாழ்த்துவார்கள். வண்டு வராமல் இருக்க உலர்ந்த வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுவது உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியது இல்லை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். பெண்பிள்ளை கைப்பிடி சுமார் 40 கிராம். மாதத்துக்கு 1,200 கிராம். நூறு வீடு சேர்ந்தால் 120 கிலோ. ரேஷன் அரிசி பற்றாத பத்துக் குடும்பத்துக்குத் தலைக்கு 12 கிலோ. ஊரையே காப்பாற்றிவிடாது, பத்து வீட்டு உலையைக் கொதிக்க வைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரைதான் நெருக்கடி என்பதால், சித்திரையிலிருந்தே சேர்த்து, அரிசியைப் பருப்பாகவும் எண்ணெயாகவும் மாற்றி வைத்துக்கொண்டால் பத்து இருபதாகும்.

*சாவியும் நோட்டும்.* பூட்டு இரண்டு, சாவி இரண்டு, அவை இரண்டு பேரிடம். வந்த சரக்கு இடப்பக்கம், போன சரக்கு வலப்பக்கம் என்று ஒரு நோட்டுப் புஸ்தகம். பாக்கெட்டின் மேல் வந்த தேதியை எழுதிப் பழையதை முன்னே, புதியதைப் பின்னே அடுக்குங்கள். மாதம் ஒரு முறை கணக்கைச் சபையில் படியுங்கள். ஆனால் வாங்கினவர்கள் பேரைப் படிக்காதீர்கள்!

*சமைத்த உணவு.* கல்யாணத்தில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை அனுப்பட்டுமா என்று கேட்பார்கள். மனசு நல்லதுதான், ஆனால் சாதம் நான்கு மணி நேரத்தில் நொந்துவிடும். உபரி உணவைச் சேகரித்து வினியோகிப்பதற்கு 2019-இல் விதிமுறைகள் வந்திருக்கின்றன. பதிவும் பரிசோதனையும் வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் உலர்ந்த சாமானோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கதவைத் தட்டாமல் தட்டுவது

இனித்தான் முக்கியமான இடம். உக்கிராணம் நிறைந்துவிட்டது. அதைச் சாத்திய கதவுக்குள் எப்படிச் சேர்ப்பது?

மைக் வைத்துப் பேர் படித்து, பிரமுகர் கையால் பை கொடுத்து, போட்டோ பிடித்துப் போட்டால், மறு தடவை அந்தப் பெண் வரமாட்டாள். வந்தாலும் குழந்தையை அனுப்புவாள். அந்தக் குழந்தை அதை ஆயுசுக்கும் மறக்காது. பாரிஸில் 1833-இல் பிரெடெரிக் ஓஸானாம் முதலானவர்கள் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் வழி வேறு. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றிலும் அந்தச் சபை உண்டு. இருவர் இருவராக வீட்டுக்கே போய், உட்கார்ந்து, சுகதுக்கம் விசாரித்துவிட்டு வருவது அவர்கள் முறை. கூட்டத்தில் வசூல் பையும் மூடியே சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. கொடுத்தவரும் மறைவு, வாங்கினவரும் மறைவு.

இன்னொரு வழி, எல்லோருக்கும் ஒரே பையைக் கட்டிக் கொடுக்காமல், வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்வது. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்கு வெல்லம் எதற்கு? கடை மாதிரி அலமாரியில் அடுக்கி, ஒரு கூடையைக் கையில் கொடுத்துவிடுங்கள். தேர்ந்தெடுக்கிற உரிமை இருந்தால் வாங்குகிறவர் நிமிர்ந்து நிற்பார். ‘ஏழை’ என்று சான்று கேட்காதீர்கள். ஒருவர் இருவர் ஏமாற்றத்தான் ஏமாற்றுவார்கள். ஒரு கிலோ பருப்பு போகும், போகட்டும். அதற்காகப் பத்து பேரைக் குறுக்கு விசாரணை செய்தால் ஒன்பது கதவு சாத்திவிடும்.

மூன்றாவது வழி பிடியரிசியிலேயே இருக்கிறது. வாங்குகிறவர் வீட்டிலும் ஒரு பானை வையுங்கள். உப்பளத்தில் வேலை தொடங்கிக் கூலி வருகிற தை மாதத்திலிருந்து அவர்களும் ஒரு பிடி போடட்டும். மழைக்காலத்தில் எடுத்துக்கொள்ளட்டும்.

இதை வீட்டில் ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பார்க்கிறேன்.

“ஏம்மா, அரிசிப் பானைக்குப் பக்கத்திலே இது என்ன சின்னப் பானை?” என்று மாமியார் கேட்பார்.

“அது சர்ச் உக்கிராணப் பானை, அத்தை. தினம் ஒரு பிடி போடணும்.”

“நம்ம வீட்டிலேயே மாசக் கடைசியிலே மரக்கால் தட்டுதே, இதிலே தர்மம் வேறேயா?”

“ஒரு பிடி குறைஞ்சா சோறு குறைஞ்சது தெரியவா போகுது, அத்தை?”

மாமியார் பதில் சொல்லமாட்டார். ஆனால் மறுநாள் காலை மருமகள் பானையைத் திறந்தால், அதில் இரண்டு பிடி அரிசி இருக்கும்!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீட்டுப் பழமொழி. நம் ஊர்களுக்கெல்லாம் உப்பிட்டவர்கள் உப்பளத்தில் வெயிலில் நின்ற அந்தப் பெண்களே. அன்றைக்கு உப்பில்லாத கீரையோடு இந்தக் கரையில் ஒரு கதவு சாத்திற்று. இந்த ஐப்பசியில் மழை இறங்கும்போது, உப்பை அள்ளிக் கொடுத்த கைகள் கதவைச் சாத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் பொறுப்பு.

நாளைக் காலை உலைக்கு அரிசி அளக்கும்போது, சகோதரிகளே, ஒரு பிடியை எடுத்து வையுங்கள்.